மூணாறு கல்லறை மேட்டு நடை: அம்மாவைக் கூட்டிப் போய் வந்த அனுபவம்

போடிக்காரர்களுக்கு மூணாறு அடுத்த தெரு மாதிரி. காலையில் கிளம்பினால் போடிமெட்டு ஏறி, பூப்பாறை தாண்டி, மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் போய்விடலாம். நானும் இதுவரை ஏழெட்டுத் தடவை போயிருப்பேன். மாட்டுப்பட்டி அணை, எக்கோ பாயிண்ட், வரையாடு என்று எல்லோரும் பார்ப்பதைத்தான் பார்த்திருக்கிறேன். இந்தத் தடவை வேறு மாதிரி போனேன். அங்கே ஒரு தம்பி அரைநாள் நடை கூட்டிப் போகிறார். கிறிஸ்து ஆலயம், அதன் பின்னால் உள்ள கல்லறை மேடு, அப்புறம் கேட்டுக்கொண்டால் ஒரு எஸ்டேட்டின் பழைய புதைகாடு. ஆளுக்கு அறுநூறு ரூபாய், ஜீப்புக்குத் தனியாக ஆயிரத்து எண்ணூறு. எழுபத்து நாலு வயதான அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். கொடுத்த காசுக்கு மேலேயே கிடைத்தது. ஆனால் சில குறைகளும் உண்டு. போகிறவர்களுக்கு உதவுமே என்று இரண்டையும் எழுதுகிறேன்.

தன் பெயரையும் நம்பரையும் பொதுவில் போட வேண்டாம் என்று அந்தத் தம்பி கேட்டுக்கொண்டார். தினமும் ஒரே ஒரு குழுவைத்தான் கூட்டிப் போகிறார், அதுவும் எட்டுப் பேருக்கு மேல் இல்லை. கூட்டம் வந்துவிட்டால் கல்லறை மேட்டில் அமைதி போய்விடும் என்பது அவருடைய கவலை. மூணாறில் விடுதிகளில் கேட்டால் கைகாட்டி விடுவார்கள்.

முதலில் குறை. நான் அவரிடம் நேராகப் பதிவு செய்யாமல், ஊர் சுற்றிக் காட்டும் ஒரு ஏஜென்ட் மூலம் போனேன். அதுதான் தப்பு. எட்டு மணிக்கு வரவேண்டிய ஜீப் ஒன்பது பத்துக்கு வந்தது. ஜனவரிக் கடைசி, குளிர் எலும்புக்குள் இறங்குகிறது, அம்மா சால்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு விடுதித் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். போன் போட்டால் "இதோ வந்துட்டோம்மா" என்கிற ஒரே பதில். அப்புறம் நடுவில் ஜீப் டிரைவர் எங்களை ஒரு மசாலாக் கடையில் கொண்டுபோய் நிறுத்திவிட்டார். அங்கே நாற்பது நிமிஷம் போனது. ஏலக்காய் எங்கள் ஊரில் விற்காத சரக்கா? போடியிலேயே ஏலக்காய் ஏலம் நடக்கிறது. வழிகாட்டித் தம்பிக்கும் அது பிடிக்கவில்லை, முகத்தில் தெரிந்தது. ஏஜென்ட் சேர்த்துவிட்ட இடைநிறுத்தம் அது. ஆகவே நேராகப் பேசிப் பதிவு செய்யுங்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

கிறிஸ்து ஆலயம் பழைய மூணாறில் சாலையோரத்திலேயே ஒரு மேட்டில் இருக்கிறது. கருங்கல் கட்டடம். 1910-ல் கட்ட ஆரம்பித்தது. உள்ளே நுழைந்ததும் மரவாசம் வருகிறது. நூறு வருஷத்துக்கு மேலான பெஞ்சுகள், வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள், சுவரில் தோட்டத் துரைமார்களின் பெயர் பொறித்த பித்தளைத் தகடுகள். தமிழிலும் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் ஆராதனை நடக்கிறது. அம்மா செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். "இது கோயில்தான?" என்றார். பத்து நிமிஷம் ஒரு பெஞ்சில் பேசாமல் உட்கார்ந்திருந்தார். தம்பியும் ஒன்றும் பேசவில்லை. மணியடித்த மாதிரி விஷயங்களை ஒப்பிக்கிற வழிகாட்டிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இவர் எப்போது பேசக்கூடாது என்று தெரிந்தவர். எனக்கு அங்கேயே மனசு நிறைந்துவிட்டது.

சாதாரணமாகக் கோவில் கட்டி, அதைச் சுற்றி ஊர் வளர்ந்து, பிறகுதான் கல்லறைத் தோட்டம் வரும். இங்கே முதலில் வந்தது கல்லறை. பதினாறு வருஷம் கழித்துத்தான் கோவிலுக்கு அஸ்திவாரம் போட்டார்கள். அதைத் தம்பி கோவிலுக்குள் வைத்துச் சொல்லவில்லை. பின்பக்கமாக மேட்டில் ஏறும் பாதையில் பாதி தூரம் போனதும், அம்மா மூச்சு வாங்குவதற்காக நின்ற இடத்தில் வைத்துச் சொன்னார். நின்ற இடத்தில் இருந்து பார்த்தால் கீழே மூணாறு மொத்தமும் தெரிகிறது. முதிரப்புழையும் நல்லதண்ணியும் குண்டளையும் கூடுகிற பள்ளம், அதைச் சுற்றித் தேயிலைச் சரிவு, அதற்கு மேலே மஞ்சு. 1894-ல் அந்த இடத்தில் ஒரு பெண் நின்றிருக்கிறாள்.

எலினர் இசபெல் மே என்று பெயர். இங்கிலாந்தில் இருந்து புதுப்பெண்ணாக வந்தவள். புருஷன் ஹென்றி மான்ஸ்ஃபீல்ட் நைட், தோட்டத் துரை. பின்னாளில் கண்ணன் தேவன் கம்பெனியின் முதல் ஜெனரல் மேனேஜர் ஆனவர் அவர்தான். கல்யாணமாகி மலைக்கு வந்த புதிதில் இரண்டு பேரும் இந்த மேட்டுக்கு நடந்து வந்திருக்கிறார்கள். இடம் அவளுக்கு அவ்வளவு பிடித்துப் போய்விட்டதாம். நான் செத்தால் என்னை இங்கேயே புதைத்துவிடுங்கள் என்று விளையாட்டாகச் சொன்னாளாம். அதற்குப் பிறகு ரொம்ப நாள் போகவில்லை. வாந்திபேதி, அதாவது காலரா, கண்டது. போய்விட்டாள். இருபத்து நாலு வயசு. புருஷன் அவள் கேட்ட இடத்திலேயே அடக்கம் செய்தார். அந்த மேட்டின் முதல் கல்லறை அது.

இந்தக் கதையை மூணாறில் எல்லோரும் சொல்வார்கள். காதல் கதையாகத்தான் சொல்வார்கள். இணையத்திலும் அப்படித்தான் படித்திருந்தேன். ஆனால் நான் முப்பத்து மூணு வருஷம் கிராம சுகாதாரச் செவிலியராக வேலை பார்த்தவள். "வாந்திபேதி" என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்குக் காதல் போய்விட்டது. எத்தனை மணிக்கு ஆரம்பித்திருக்கும், யார் பக்கத்தில் இருந்தார்கள், என்ன குடிக்கக் கொடுத்தார்கள் என்றுதான் மனசு ஓடியது.

காலராவில் உயிர் போவது தண்ணீர் இல்லாமல்தான். அரிசி கழுவின தண்ணீர் மாதிரி பேதி போகும். கண் உள்ளே போய்விடும், விரல் நுனி சுருங்கிவிடும், கையில் தோலைக் கிள்ளி விட்டால் கிள்ளின மாதிரியே நிற்கும். காலையில் நன்றாக இருந்த ஆள் ராத்திரிக்குள் போய்விடலாம். என் வேலைக் காலத்தில் ஒரு மழைக்காலத்தில் ஒரு கிராமத்தில் ஒரே தெருவில் பதினோரு பேருக்குப் பேதி கண்டது. உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலங்களை வைத்துக்கொண்டு வீடு வீடாக உட்கார்ந்து கரண்டியால் ஊற்றினேன். வாந்தி எடுத்தாலும் பத்து நிமிஷம் விட்டு மறுபடி ஊற்ற வேண்டும். பதினோரு பேரும் பிழைத்தார்கள். பொட்டலம் இல்லாவிட்டாலும் வீட்டில் செய்யலாம்: காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் ஒரு லிட்டர், தட்டிச் சமமாக்கின டீஸ்பூனால் சர்க்கரை ஆறு, உப்பு அரை. பெரும்பாலானவர்களுக்கு இவ்வளவுதான் மருந்து.

இது எளிமையாக இருப்பதால் எப்போதும் இருந்தது என்று நினைத்துவிடக் கூடாது. காலராக் கிருமியை ராபர்ட் கோக் கல்கத்தாவில் கண்டு சொன்னது 1884-ல். அந்தப் பெண் செத்த அதே 1894-ல்தான் வால்டெமர் ஹாஃப்கின் கல்கத்தாச் சேரிகளில் காலராத் தடுப்பூசி போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். உப்பு சர்க்கரைக் கரைசலோ 1971-ல்தான் பெரிய அளவில் கைக்கு வந்தது. வங்காளதேசப் போர் அகதிகள் முகாமில், போன்காவ் என்ற ஊரில், சலைன் பாட்டில் தீர்ந்துபோன நேரத்தில் டாக்டர் திலீப் மகாலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் சோடா உப்பும் கலந்து பொட்டலம் கட்டிக் கொடுத்தார். நூற்றுக்கு இருபது முப்பது பேர் செத்துக்கொண்டிருந்த இடத்தில் சாவு மூன்று நாலு பேராகக் குறைந்தது. அந்தக் கல்லறைக்கு முன்னால் நின்று இதையெல்லாம் தம்பியிடம் சொன்னேன். அவர் ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொண்டார். "அடுத்த குரூப்புக்குச் சொல்றேங்க்கா" என்றார். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிக் கேட்டு எழுதிக்கொள்கிற வழிகாட்டிக்கு நான் தனியாக ஒரு நட்சத்திரம் கொடுப்பேன்.

கல்லறை பெரிதாக ஒன்றும் இல்லை. பகட்டு இல்லாத கல். பாசி படிந்திருக்கிறது, குனிந்து பக்கத்தில் முகத்தை வைத்துப் பார்த்தால்தான் எழுத்து பிடிபடுகிறது. ஈரமான பாசிக்கு ஒரு வாசம் உண்டு, மழைக்காலத்தில் கிணற்றடியில் வருமே, அது. அம்மா கையில் இருந்த முந்தானையால் ஒரு ஓரத்தைத் துடைத்துவிட்டார். அவருக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. எழுத்தின் மேல் விரலை மட்டும் ஓட்டினார்.

"இந்தப் பிள்ளைக்கு அப்ப ஆத்தா அப்பன் இருந்திருப்பாகல்ல? சேதி எப்பப் போயிருக்கும்?" என்று கேட்டார்.

கப்பலில் கடிதம் போக வாரக்கணக்கு ஆகியிருக்கும். அந்தக் காலத்தில் மூணாறுக்கு மோட்டார் ரோடு கிடையாது. அரிசி, உப்பு, துணி எல்லாம் போடியில் இருந்து மலை ஏறித்தான் போகவேண்டும். துரைசானி வந்ததும் அப்படித்தான். எங்கள் அம்மாவின் தாத்தா வந்ததும் அப்படித்தான்.

துரைமார் இங்கே வந்த கதையைத் தம்பி நன்றாகச் சொன்னார், சுருக்கிச் சொல்கிறேன். ஜே. டி. மன்றோ என்ற வெள்ளைக்காரர் 1877-ல் பூஞ்ஞாறு ராஜாவிடம் இருந்து 227 சதுர மைல் மலையைக் குத்தகைக்கு வாங்கினார். வருஷத்துக்கு மூவாயிரம் ரூபாய். அந்த மலைக்குக் கண்ணன் தேவன் மலை என்று பேர் வந்தது மறையூர்ப் பக்கத்து அஞ்சுநாட்டுத் தலைவர் ஒருவரின் பேரில் இருந்து. மன்றோவோடு சேர்ந்தவர்கள் டர்னர் சகோதரர்கள். இவர்களில் இளையவர் ஏ. டபிள்யூ. டர்னரைத் தோட்டத்து ஆட்கள் "தம்பி துரை" என்று கூப்பிட்டிருக்கிறார்கள். இதைக் கேட்டதும் அம்மா சிரித்துவிட்டார். முதலில் காப்பி, சின்கோனா, ஏலம் என்று என்னென்னவோ போட்டுப் பார்த்தார்கள். 1880-ல் ஏ. எச். ஷார்ப் என்பவர் பார்வதித் தோட்டத்தில் தேயிலை போட்டார். அது பிடித்துக்கொண்டது. 1897-ல் கம்பெனி வந்தது. பார்வதி, லெட்சுமி, சொக்கநாடு, பெரியவரை, நல்லதண்ணி, எல்லப்பட்டி என்று தோட்டங்களின் பேரைச் சொன்னாலே யார் அங்கே வேலை செய்தார்கள் என்று தெரிந்துவிடும்.

நைட் துரை பெண்டாட்டியை அந்த மேட்டில் வைத்த பிறகு, சாகிற மற்ற வெள்ளைக்காரர்களையும் அங்கேயே கொண்டுவந்தார்கள். 1900-ல் அந்த இடத்தை முறைப்படி ஜெபம் செய்து கல்லறைத் தோட்டமாக ஆக்கினார்கள். பிறகு 1910-ல் அதன் அடிவாரத்தில் கோவில். ஒரு பெண்ணின் ஆசைச் சொல்லில் ஆரம்பித்த இடம் இப்படி ஊர்க் கல்லறை ஆகிவிட்டது. குடியேறின குடும்பம் ஒன்றுக்கு ஒரு ஊர் சொந்த ஊராக ஆவது வீடு கட்டும்போது அல்ல, அங்கே ஒரு ஆளைப் புதைக்கும்போதுதான் என்று எனக்கு எப்போதும் ஒரு எண்ணம் உண்டு. எங்கள் குடும்பத்திலும் அப்படித்தான் நடந்தது. அதனால்தான் அம்மாவைக் கூட்டிப் போனேன்.

மேட்டில் இருந்து இறங்கும்போது அம்மா சொன்னது: "நூத்தி முப்பது வருசமாச்சு. இன்னும் பேரு இருக்கு."

எங்கள் தாத்தா, அதாவது அம்மாவின் அப்பா, குண்டளைப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் வேலை பார்த்தார். அவருடைய அப்பாவைத் தோட்டத்துக்கு ஆள் சேர்க்கிற கங்காணி முன்பணம் கொடுத்துப் போடியில் இருந்து கூட்டிப் போனாராம், குரங்கணி வழியாகக் கால்நடையாக. அம்மா பிறந்தது லயத்தில், அதாவது தோட்டத்து ஆட்களின் வரிசை வீட்டில். பத்தடிக்குப் பத்தடி அறை, முன்னால் ஒரு சின்னத் திண்ணை, அடுப்பு உள்ளேயே. விடியக்காலை பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, சங்கு ஊதும்போது எழுந்து, இருட்டோடு இருட்டாகக் கொழுந்துக்குப் போகிற அம்மாச்சியைப் பற்றி அம்மா நூறு தடவை சொல்லியிருக்கிறார். தாத்தா இறந்தபோது அம்மாவுக்கு வயது பன்னிரண்டு. எஸ்டேட் புதைகாட்டில் புதைத்தார்கள். அப்புறம் அம்மாச்சி பணி ஓய்வு பெற்றார். ஓய்வு பெற்றால் லயத்தைக் காலி செய்ய வேண்டும், அதுதான் தோட்டத்து முறை. போடிக்கு இறங்கி வந்தவர்கள் திரும்பிப் போகவே இல்லை. அம்மா தன் அப்பாவைப் புதைத்த இடத்தைப் பார்த்து நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

இந்த இரண்டாவது இடம் தம்பியின் விலைப்பட்டியலில் இல்லை. "எங்கய்யாவ அங்கதான் ராசா வச்சிருக்கு" என்று அம்மா முந்தின நாள் போனில் சொன்னதும், "வாங்கம்மா, தேடிப் பாப்போம்" என்றார். அவரும் தோட்டத்துப் பிள்ளைதான், நாலாவது தலைமுறை.

ஜீப் மாட்டுப்பட்டி தாண்டிப் போகிற ரோட்டில், பழைய ரயில் போன தடத்தைக் காட்டினார். மூணாறில் இருந்து டாப் ஸ்டேஷன் வரைக்கும் ரயில் ஓடியிருக்கிறது. 1902-ல் மாடு இழுக்கிற ஒற்றைத் தண்டவாளம், 1908-ல் என்ஜின் வண்டி. டாப் ஸ்டேஷனில் இருந்து தேயிலைப் பெட்டி ரோப்வேயில் கீழே கொட்டகுடிக்கு இறங்கும், அங்கிருந்து போடி, போடியில் இருந்து தூத்துக்குடித் துறைமுகம். எல்லாவற்றையும் 1924 வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது. மலையாளத்துக்காரர்கள் இன்னும் "தொண்ணூற்றொன்பது வெள்ளம்" என்று சொல்கிறார்கள், கொல்லம் ஆண்டு 1099 என்பதால். ரயில் விஷயம் பிடித்தவர்கள் இதற்கென்றே போகலாம். நான் பாதி கவனத்தோடுதான் கேட்டேன், அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

புதைகாட்டுக்கு வழி கிடையாது. தேயிலை வரிசைக்கு நடுவில் கால்மணி நேரம் ஏறினோம். தேயிலைச் செடிக்கு நடுவே நடப்பதை லேசாக நினைக்காதீர்கள். இடுப்பு உயரத்துக்குக் கிளை பின்னிக்கொண்டு, புடவையை இழுக்கும், முட்டியைக் கிழிக்கும். தம்பி முன்னால் நடந்து கிளையை விலக்கிப் பிடித்துக்கொண்டே போனார். அம்மாவுக்கு உதவியே தேவைப்படவில்லை. பக்கவாட்டில் உடம்பைத் திருப்பி, ஒரு கையால் கிளையை அமுக்கி, மறுகால் எடுத்து வைத்து, என்னை விட வேகமாகப் போனார். அறுபது வருஷத்துக்கு முன்னால் பழகின கால். நின்று, ஒரு செடியில் இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கட்டைவிரலால் ஒடித்து மோந்து பார்த்தார். "கொழுந்து முத்திப்போச்சு" என்றார்.

மேலே போனதும் தேயிலை முடிந்து கிராண்டிஸ் என்கிற யூகலிப்டஸ் மரங்கள் ஆரம்பிக்கின்றன. அதற்குக் கீழே சரிவில் புதைகாடு. சில மேடுகளுக்குச் சிமெண்ட் பூசியிருக்கிறது, சிலுவை இருக்கிறது, நாலைந்தில் பேர் எழுதி பீங்கான் தட்டுப் போட்டோ பதித்திருக்கிறது. முக்கால்வாசி வெறும் மண்மேடு. பல இடத்தில் மேடும் இல்லை, பள்ளம்தான். தலைமாட்டில் நட்ட குரோட்டன்ஸ் செடி மட்டும் ஆள் உயரத்துக்கு வளர்ந்து, இங்கே ஒருவர் இருக்கிறார் என்று சொல்லிக்கொண்டு நிற்கிறது. பேதியில் போனவர்கள், மலேரியாவில் போனவர்கள், பிரசவத்தில் போனவர்கள். துரைசானியைக் கொண்டுபோன அதே பேதிதான் இவர்களில் பலரையும் கொண்டுபோனது. கல்லில் எழுதுவதற்குத்தான் இவர்களுக்கு ஆள் இல்லை.

அம்மாவிடம் இருந்த அடையாளம் இரண்டே இரண்டு. ஒரு சில்வர் ஓக் மரம், அதில் இருந்து கீழ்ப்பக்கமாக அம்மாச்சி நட்ட ஒரு குத்துக்கல். மரத்தை வெட்டி எத்தனையோ வருஷம் ஆகியிருக்கும். தம்பி ஒரு கம்பை எடுத்துக்கொண்டு புல்லை விலக்கி விலக்கித் தேடினார். ஒரு மணி நேரம் இருக்கும். ஒருமுறைகூட மணி பார்க்கவில்லை. கடைசியில் பழைய அடிமரம் ஒன்று கிடைத்தது, மக்கிப்போய்க் காளான் முளைத்து. அதில் இருந்து கீழே அம்மாவே எண்ணிக்கொண்டு இறங்கினார். எட்டாவது எட்டில் நின்றார். புல்லுக்குள் முழங்கால் உயரத்தில் ஒரு கல், ஒரு பக்கம் சாய்ந்து.

அது தாத்தாவின் கல்தானா என்று சத்தியம் செய்ய எங்களால் முடியாது. அம்மாவுக்குச் சந்தேகமே இல்லை. உட்கார்ந்து, கல்லைச் சுற்றிப் புல்லைப் பிடுங்கினார். கொண்டுவந்திருந்த வெற்றிலையும் பாக்கும் ஒரு துண்டுப் புகையிலையும் வைத்தார். தம்பி ஓடிப்போய் ஓடையில் பாட்டிலில் தண்ணீர் பிடித்துவந்து கொடுத்தார். அம்மா கல்லைக் கழுவிவிட்டு, மீதித் தண்ணீரை அங்கேயே ஊற்றினார். நாங்கள் தள்ளிப்போய் நின்றுகொண்டோம்.

திரும்பி வரும்போது ஜீப்பில் அம்மா பெட்டிமுடியைப் பற்றிக் கேட்டார். 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி மலை சரிந்து லயங்களை மூடியதில் எழுபது பேர் போனார்கள். பெரும்பாலும் நம் ஊர்ப்பக்கத்து ஜனங்கள், கயத்தாறுப் பக்கத்தில் வேர் உள்ள குடும்பங்கள் நிறைய. நாலு பேரின் உடல் கிடைக்கவே இல்லை. ராஜமலையில் ஒன்றாகப் புதைத்திருக்கிறார்கள். அந்த இடத்தை நடையில் சேர்க்கச் சொல்லிச் சிலர் கேட்கிறார்களாம். தம்பி சேர்க்க மறுத்துவிட்டார். "அங்க வேடிக்கைக்குக் கூட்டிட்டுப் போகமாட்டேங்க்கா. சொந்தக்காரங்க வந்து கேட்டா, காசு வாங்காமக் கூட்டிட்டுப் போவேன்" என்றார். அவருடைய நடையைப் பற்றி நான் ஐந்து பக்கம் எழுதுவதை விட இந்த ஒரு வார்த்தை உங்களுக்குச் சொல்லிவிடும்.

போகிறவர்களுக்குச் சில விஷயம். கல்லறை மேட்டுக்குப் போகும் முன் ஆலயத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள், ஞாயிறு காலை ஆராதனை நேரத்தில் போகாதீர்கள். பாதை வழுக்கும், செருப்பு வேண்டாம், பிடிமானமுள்ள ஷூ போடுங்கள். ஜூனில் இருந்து மழை ஓயும் வரை அட்டை ஏறும், உப்புப் பொட்டலம் கையில் இருக்கட்டும். மூட்டுவலிக்காரர்கள் கல்லறை மேட்டோடு நிறுத்திக்கொள்ளலாம், அதுவே நிறைவாக இருக்கும். கழிவறை வசதி வழியில் கிடையாது, விடுதியிலேயே முடித்துக்கொண்டு கிளம்புங்கள். பெரியவர்கள் வந்தால் குடிக்க வெந்நீர் கொண்டுபோங்கள். கல்லறை மேல் உட்கார்ந்து போட்டோ எடுக்க வேண்டாம். நாங்கள் போன அன்று இரண்டு பேர் அப்படி ஏறி உட்கார்ந்தார்கள். தம்பி பக்கத்தில் போய் மெதுவாக ஏதோ சொன்னார், இறங்கிவிட்டார்கள்.

முடிந்தபிறகு ஒரு லயத்து வாசலில் கட்டன் சாயா வாங்கிக் கொடுத்தார், அது கட்டணத்தில் சேர்ந்தது. தோட்டத்து டஸ்ட் தூளில் போட்டது, கருப்பாக, கடுப்பாக இருந்தது. அம்மா இரண்டு தம்ளர் குடித்தார்.

ஏஜென்டுக்கு ஐந்துக்கு ஒன்று. தம்பிக்கு ஐந்துக்கு ஐந்து. எஸ்டேட் புதைகாடு வேண்டுமென்றால் முதல் நாளே சொல்லிவிடுங்கள். உங்கள் ஆள் எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், எந்தக் கங்காணி செட்டு என்று வீட்டில் பெரியவர்களிடம் கேட்டு எழுதிக்கொண்டு போங்கள். அந்த மூன்றும் தெரிந்தால் தேடிவிடலாம் என்கிறார். நாங்கள் வைகாசியில் மறுபடி போகிறோம். கல்லுக்குப் பேர் பொறிக்கப் போடியில் சொல்லியாகிவிட்டது. அதைத் தூக்கிக்கொண்டு தேயிலைக்குள் ஏற இரண்டு ஆள் வேண்டும், தம்பி ஏற்பாடு செய்வதாகச் சொல்லியிருக்கிறார்.